கொழும்பில் அந்நியர் விட்டுச்சென்ற சின்னங்கள்

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையை அடுத்துள்ள கொலன்னாவை, பயண நூல்களில் இடம்பெறும் ஊரன்று. உல்லாசப் பயணிகளை ஏற்றிய வாகனங்கள் அங்கே நிற்பதில்லை. ஆயினும் ஐரோப்பியர் இத்தீவை ஆண்ட காலத்தின் அடையாளங்கள் இரண்டு அவ்வூரிலே உள. ஒன்று, கால்வாய், மற்றொன்று, எண்ணெய்த் தாங்கிகள். கொலன்னாவைக் கால்வாய் தெமட்டகொடை, கிருலப்பனை, வெள்ளவத்தை முதலிய கால்வாய்களோடு இணைந்து வலைபோல மாநகரைச் சூழ்ந்து கிடக்கிறது. அவ்வலையின் பழைய இழைகள் ஒல்லாந்தர் காலத்தவை. வீதிகள் சேறாய்க் கிடந்த அக்காலத்தில் கறுவாவும் பாக்கும் தென்னம்பொருள்களும் படகேறி வந்த வழிகள் அவை. எண்ணெய்த் தாங்கிகளோ பிரித்தானியர் வைத்துச்சென்றவை. 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 5 ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அண்மையிலுள்ள அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் குண்டுகள் விழுந்தன. கொலன்னாவைத் தாங்கிகள் என மயங்கியே அவ்விடத்தில் குண்டு வீசினர் என்பர். யாரோ இருவர் நடத்திய போரிலே, போர் என்பதையே அறியாத நோயாளர் மாண்டனர்.

அந்நியராட்சியின் சின்னம் என்றவுடன் கோட்டையும் மாளிகையும் தேவாலயமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றைக் காண்பதற்கென்றே தூர தேசத்து மக்கள் பெரும் பொருள் செலவிட்டு வருகின்றனர். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலே ஐந்து கொத்தளங்களோடு கூடிய பழைய கோட்டையைக் காணப் பயணிகள் திரள்வதுபோல, இலங்கையிலே காலிக் கோட்டையின் மதில்மேல் மாலைதோறும் பயணிகள் உலாவுகின்றனர். கேப் டவுனும் கொழும்பும் ஒரே வணிகக் கும்பனியின் கைப்பட்டு வளர்ந்த நகரங்கள். ஆகவே, ஒன்றைப் பற்றிப் பேசுமிடத்து மற்றதையும் உடன்வைத்துப் பார்ப்பது பயன் தரும். இந்நகரங்களுக்கு வருபவனின் கண்ணில் எது படுகிறது, எது படாமற் போகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்க கேள்வியாகும்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லின், போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டிலே இலங்கைக் கரையை அடைந்தனர். கறுவாவை நாடி வந்த அவர்கள் கொழும்பிலே அரண் அமைத்து, நாளடைவிற் கரையோர நாடுகளைத் தம் வசமாக்கினர். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் அவர்களை ஓட்டுவதற்கு ஒல்லாந்தரின் துணையை நாடினான். பல மாதங்கள் நீடித்த முற்றுகைக்குப் பின் 1656 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி கொழும்பு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. மன்னனுக்கு அந்நகரை அவர்கள் கொடுத்தாரில்லை, தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை எனச் சிங்கள மக்களிடையே இன்றும் வழங்கும் பழமொழி இந்நிகழ்ச்சியையே சுட்டுவதாகும். ஏறத்தாழ 140 ஆண்டுகளின் பின், 1796 பெப்ரவரியிலே பிரித்தானியர் கொழும்பைக் கைப்பற்றினர். 1948 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆந் திகதி வரை அவர்கள் ஆட்சி நீடித்தது.

கேப் டவுனின் கதையும் இதனோடு பிணைந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி 1602 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவை அடையப் பல மாதங்கள் பிடிக்கும். நற்றண்ணீரும் காய்கறியும் இன்றி மாலுமிகள் நோயுற்று மடிந்தனர். இடைவழியிலே அவர்களுக்கு உணவும் நீரும் வழங்குவதற்காக 1652 ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையருகே கும்பனியார் ஒரு குடியிருப்பை நிறுவினர். 1666 முதல் 1679 வரை அங்கே கற்கோட்டை கட்டப்பட்டது. கொழும்புக்கு வந்த ஒல்லாந்தத் தேசாதிபதியும் மருத்துவரும் போர்வீரரும் அம்முனையிலே இறங்கி இளைப்பாறியே வந்தனர். 1795 ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசம் பிரெஞ்சுப் படைக்கு அடிபணிந்தபோது பிரித்தானியர் முதலில் அம்முனையையும், அடுத்த ஆண்டிற் கொழும்பையும் பிடித்தனர். ஒரே காற்றில் இரண்டு கொடிகள் இறங்கின.

ஆனால், இரு நகர்களின் கோட்டைகளுக்கும் நேர்ந்த கதி வேறு. கேப் டவுனின் கோட்டை இன்றும் முழுமையாய் நிற்கிறது. கொழும்பிலோ "கோட்டை" என்பது ஒரு பெயர் மட்டுமே. புகையிரதத்தில் வந்து "கோட்டை" நிலையத்தில் இறங்கும் சிறுவன், கோட்டை எங்கே என்று கேட்டால், விடை சொல்லத் தந்தை திகைப்பான். 1869 முதல் 1871 வரையான காலத்திலே பிரித்தானியர் அம்மதில்களை இடித்துத் தள்ளினர். பீரங்கிகளின் வலிமை மிகுந்துவிட்ட காலத்தில் பழைய மதிலாற் பயனில்லை. அதே 1869 ஆம் ஆண்டிலே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆபிரிக்காவைச் சுற்றிய கப்பல்கள் செங்கடல் வழியே வரலாயின. 1875 இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வணிகம் பெருகிய ஊருக்கு மதில் இடைஞ்சலாயிற்று. அம்மதிலின் எச்சமாக, டெல்ஃப்ட் என்னும் ஒல்லாந்த நகரின் பெயர் தாங்கிய வாசலொன்றின் பகுதி, கோட்டைப் பகுதியில் வங்கியொன்றின் கட்டடத்தினுள்ளே காக்கப்பட்டிருக்கிறது.

அவ்விடத்துக்கு அண்மையிலே பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை நிற்கிறது. இன்று கோட்டைப் பகுதியில் நிலைத்திருக்கும் கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் அஃதொன்று. 1681 ஆம் ஆண்டளவிலேயே அது இயங்கியமைக்குச் சான்று உண்டு. தடித்த சுவர்களும் நீண்ட விறாந்தைகளும் நடுமுற்றங்களும் வெப்பத்தைத் தணிப்பதற்கு அமைந்தவை. கடற்பயணத்தில் நோயுற்ற கும்பனி ஊழியர் துறைமுகத்திலிருந்து நேரே அங்கே கொண்டுவரப்பட்டனர். காலம் மாற, அக்கட்டடம் பல பணிகளுக்கு உதவியது. பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் அது செப்பனிடப்பட்டு, கடைகளும் உணவுச்சாலைகளும் கூடிய இடமாகத் திறக்கப்பட்டது. நோயாளர் கஞ்சி குடித்த விறாந்தையில் இன்று பயணிகள் நண்டுக்கறி உண்கின்றனர். இதனைக் குறை கூறுவாரும் உளர். ஆளற்றுக் கிடக்கும் கட்டடம் மழையிலும் கறையானிலும் அழிந்துபோகும். ஆள் புழங்கும் கட்டடம் வாழும். ஆதலின், அச்செயல் கட்டடத்தைக் காத்தது என்பதை மறுத்தற்கில்லை. கட்டடத்தின் கதையைக் காப்பதற்கோ வேறொரு முயற்சி வேண்டும்.

அக்கதையில் ஒரு துளியை இங்கே கூறலாம். 1672 ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் கும்பனியின் மருத்துவராகக் கொழும்பிலே கடமை புரிந்தவர் போல் ஹேர்மன் என்பவர். அவர் வரும் வழியிலே நன்னம்பிக்கை முனையில் இறங்கி அந்நிலத்துச் செடிகளைச் சேகரித்தார். இலங்கையில் இருந்த காலத்தில் இந்நாட்டு மூலிகைகளையும் மலர்களையும் உலர்த்தித் தொகுத்து, அவற்றின் சிங்களப் பெயர்களையும் குறித்துவைத்தார். அத்தொகுதியைக் கொண்டே, உயிரின வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸ் 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தொகுதி இன்று இலண்டன் நகரில் உள்ளது. ஹேர்மனின் பெயரையும் லின்னேயசின் பெயரையும் அறிஞர் உலகம் போற்றுகிறது. "இது இன்ன செடி, இது இன்ன பிணிக்கு மருந்து" என்று ஹேர்மனுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்டு வைத்தியர்களின் பெயரை ஒருவரும் அறியார்.

கோட்டையின் கிழக்கே மதிலுக்கு வெளியில் அமைந்த பகுதி ஆதலால் அடுத்த பகுதிக்குப் புறக்கோட்டை என்று பெயர். இன்று மூட்டை சுமப்போரும் வண்டி தள்ளுவோரும் விலை கூறுவோரும் நிறைந்து, நடப்பதற்கும் இடமில்லாத சந்தையாய் விளங்கும் அவ்விடம், ஒல்லாந்தர் காலத்திற் கும்பனிச் சீமான்கள் வாழ்ந்த அமைதியான குடிமனை. கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி என்னும் பெயர்கள் அக்காலத்தை நினைவூட்டுவன. அம்ஸ்டர்டாம் நகரின் புகழ்பெற்ற கால்வாய்களும் பேரரசன், இளவரசன் என்னும் அதே பெயர்களையே தாங்குகின்றன. பிரின்ஸ் வீதியிலே பெருந்தூண்களோடு நிற்கும் மாளிகை, 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாய் இருந்த தோமஸ் வான் ரீ என்பவரின் இல்லம். பின்னர் அது கல்விக் கூடமாகவும், மருத்துவமனையாகவும், அஞ்சலகமாகவும் பயன்பட்டு, 1982 இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. சந்தையின் ஆரவாரத்திலிருந்து அதன் வாயிலைத் தாண்டி முற்றத்தில் நிற்பவன், முந்நூறு ஆண்டுகளை ஒரே அடியிற் கடந்தவன் ஆகிறான்.

புறக்கோட்டைக்கு அப்பால், கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் நிற்பது வொல்வெண்டால் தேவாலயம். 1749 இல் அடிக்கல் இடப்பட்டு 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவில், மிகத் தடித்த கபுக்கற் சுவர்களோடு அமைந்த அக்கோயில் கடலில் வரும் கப்பல்களுக்கும் தோன்றுமாறு கட்டப்பட்டது. தரையிலும் சுவரிலும் ஒல்லாந்தக் கல்லறைப் பலகைகள் நிறைந்துள்ளன. கோட்டையினுள்ளே இருந்த பழைய கோயில் அழிந்தபின் 1813 ஆம் ஆண்டில் அங்கிருந்த கல்லறைகளும் இவ்விடத்துக்கு மாற்றப்பட்டன. தமிழர்க்கும் இக்காலத்தோடு ஓர் உறவு உண்டு. ஒல்லாந்தர் கொழும்பிலே நிறுவிய அச்சகத்தில் தமிழ் நூல்களும் அச்சாயின. தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 ஆம் ஆண்டிற் கொழும்பில் அச்சேறியது. ஈழத்துத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் இதனைக் கடந்து போதல் இயலாது.

ஒல்லாந்தர் தம் சமயத்தை வளர்த்த அதே வேளையிற் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருமார் ஒளிந்து திரிந்தனர். கோவாவிலிருந்து 1687 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார் மறைவாகவே மக்களுக்குப் பணி செய்தார். கொட்டாஞ்சேனைக் கடலோரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் தொடக்கத்தையும் மரபு அக்காலத்தோடு இணைக்கிறது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு, கடல் நிலத்தை அரிப்பதைத் தம் வேண்டுதலால் நிறுத்தினார் என்றும், அதனால் வழிபடும் உரிமை பெற்றார் என்றும் மக்கள் சொல்வர். இன்று கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தரும் செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். 2019 ஆம் ஆண்டு ஏப்ரில் 21 ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிற்றுப் பூசையின்போது, அவ்வாலயத்திலே குண்டு வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு யூன் மாதத்திலேயே ஆலயம் செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. தடை செய்தோரின் கோட்டை மதில் இல்லை. தடை செய்யப்பட்டோரின் விளக்கு எரிகிறது.

கண்ணுக்குத் தோன்றாத சின்னங்களும் உண்டு. நீதிமன்றங்கள் கூடியுள்ள புதுக்கடைப் பகுதியை ஆங்கிலத்தில் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப் என்பர். ஹல்ஃப்டின் கிராமம் என்பது அதன் பொருள். கொழும்பு முற்றுகையிலே 1656 ஏப்ரிலில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரே அது. அங்கே இன்றும் வழக்கறிஞர் எடுத்தாளும் பொதுச்சட்டம் உரோம-ஒல்லாந்தச் சட்டம் ஆகும். ஒல்லாந்து தேசமே அச்சட்டத்தைக் கைவிட்டு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இலங்கையும் தென்னாபிரிக்காவும் அதன் அயல்நாடுகள் சிலவுமே அதனைப் பேணி வருகின்றன. ஆகையால், தென்னாபிரிக்க நீதியரசரின் தீர்ப்பு கொழும்பு நீதிமன்றத்தில் மேற்கோளாவது புதுமையன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுத்த தேசவழமையும் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்துருப் பெற்றதே. தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1706 ஆம் ஆண்டளவில் அதனைத் தொகுத்தார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பரிசீலித்தனர். காணி உறுதி எழுதும் ஒவ்வொரு யாழ்ப்பாணக் குடும்பமும், தான் அறியாமலே, ஒல்லாந்தர் காலத்து ஏடொன்றைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இனிக் கறுவாத்தோட்டம். தூதரகங்களும் பெருமனைகளும் நிறைந்து கொழும்பின் செல்வச் செழிப்பைக் காட்டும் அப்பகுதியிலே கறுவா மரத்தைத் தேடிக் காண்பது அரிது. காட்டிலே தானாய் வளர்ந்த கறுவாவை மட்டும் நம்பியிருந்த கும்பனி, தேசாதிபதி ஃபால்க் காலத்தில், 1769 இல், மருதானையில் அதனைப் பயிரிடத் தொடங்கியது. பட்டை உரிப்பது சாலியர் என்னும் குலத்தவர்மேற் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். இவர்தம் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த நெசவாளர் என்பது மரபு. குறித்த அளவு பட்டையைக் கொடாதார் தண்டிக்கப்பட்டனர். அனுமதியின்றிக் கறுவாவை விற்றோர்க்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாமின் அழகிய மாளிகைகளை வியந்து பார்ப்பவன், அவற்றின் அடித்தளத்திலே சாலியரின் வியர்வையும் உண்டு என்பதை எண்ணுவானா?

அதே கறுவாத்தோட்டத்திலே கொழும்பு நூதனசாலை விளங்குகிறது. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதன் வெண்ணிற மாளிகையை வரைந்தவர் ஸ்மிதர் என்னும் ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன். வேலையை நன்கு முடித்தமைக்கு என்ன பரிசு வேண்டும் எனத் தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார் எனச் சொல்வர். கட்டியவன் பெயர் கட்டடத்தோடு சேர்ந்து நினைக்கப்படுவது அருமை. அவ்வருமை வாய்த்த இடம் இது.

அவ்வாறு வாய்க்காதவர்களின் நினைவு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது கொம்பனித்தெரு. ஆங்கிலேயர் அதனை அடிமைத் தீவு எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் பகலெல்லாம் கோட்டையிலும் வீடுகளிலும் உழைத்து, இரவில் வாவி சூழ்ந்த அந்நிலத்துண்டிலே அடைக்கப்பட்டனர். ஆபிரிக்கரும் தென்னிந்தியரும் கீழைத் தீவுகளைச் சேர்ந்தோரும் அவர்களிடையே இருந்தனர். பிரித்தானியர் ஆட்சியில் 1844 ஆம் ஆண்டிலே இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆனால், ஊரின் ஆங்கிலப் பெயர் நீடித்தது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில், இழிவு தரும் அப்பெயரை நீக்கி, மும்மொழியிலும் கொம்பனித்தெரு என்ற பெயரே வழங்கவேண்டும் என அரசாங்கம் பணித்தது. அங்கே வாழ்வோர் அடிமைத் தீவினர் என அழைக்கப்படுதல் முறையன்று. ஆதலின் மாற்றம் நியாயமானதே. ஆயினும், ஆண்டவனுக்குக் கல்லிலே கல்லறை உண்டு. அடிமைக்கு இருந்த ஒரே கல்லறை அப்பெயர். பெயரை எடுத்தபின், அக்கதையைச் சொல்ல வேறொன்றை வைத்தல் வேண்டாமோ?

கேப் டவுன் நகரம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே கும்பனி 1679 ஆம் ஆண்டில் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டிய விடுதி பிற்காலத்தில் அரசாங்க அலுவலகமாகவும் நீதிமன்றமாகவும் மாறி, தன் பழைய வரலாற்றை மறைத்துக்கொண்டு நின்றது. இன்று அது அடிமை வாழ்வின் வரலாற்றைச் சொல்லும் நூதனசாலை. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் மட்டுமன்றி, வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுபோகப்பட்டோரின் செய்தி அங்கே கூறப்படுகிறது. நகருக்கு எதிரே கடலிலுள்ள ரொபன் தீவுச் சிறை 1999 இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே சிறையிருந்த அரசியற் கைதிகளே பல்லாண்டுகள் வழிகாட்டிகளாய் நின்று, தாம் கிடந்த அறைகளைப் பயணிகளுக்குக் காட்டினர். துன்பம் நிகழ்ந்த இடத்தை அழகு பார்க்கும் இடமாக மட்டும் விடாது, அறிவு பெறும் இடமாக ஆக்கிய செயல் அது.

கொழும்பையும் அம்முனையையும் இணைக்கும் மனிதக் கதைகள் இன்னும் உள. ஜாவாத் தீவின் பாண்டம் நாட்டிலே ஒல்லாந்தரை எதிர்த்து நின்ற ஷேக் யூசுப் என்னும் இஸ்லாமிய அறிஞர் 1684 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். இங்கிருந்தும் அவர் செல்வாக்கு ஓங்குவதைக் கண்டு அஞ்சிய கும்பனி, 1694 இல் அவரை நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. 1699 இல் அங்கேயே அவர் காலமானார். அவர் அடக்கத்தலம் இன்றும் யாத்திரைத் தலமாக விளங்குகிறது. தென்னாபிரிக்காவில் இஸ்லாம் வேரூன்ற வித்திட்டவருள் ஒருவராக அவரை மதிக்கின்றனர். கொம்பனித்தெருவில் வாழும் மலாயர் சமூகமும் கேப் டவுனின் மலாயர் சமூகமும் இவ்வாறு ஒரே கும்பனியின் கட்டளையால் இரு கரைகளில் ஒதுக்கப்பட்ட உறவினரே.

எதிர்த்திசையிலே வந்தவரும் உண்டு. போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் வந்தோரும் மொசாம்பிக் கரையிலிருந்து ஆபிரிக்கரை இங்கே கொண்டுவந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தருகே சிறாம்பியடியில் வாழ்கின்றனர். தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் தாளமாக, போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அவர்கள் பாடும் மஞ்ஞாப் பாடல்கள், எழுத்தில் இல்லாத ஒரு வரலாற்றேடு. மேலும், 1900 ஆம் ஆண்டில் பிரித்தானியர் தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பிடித்த பூவர் வீரர் ஏறத்தாழ 5,000 பேரை இலங்கைக்குக் கொண்டுவந்து தியத்தலாவை முதலிய இடங்களிற் காவலில் வைத்தனர். போர் முடிந்தபின்னும் பிரித்தானிய முடிக்குச் சத்தியம் செய்ய மறுத்த எங்கல்பிறெக்ட் என்பவர் நாடு திரும்பமுடியாது இங்கேயே தங்கினார். இன்று பயணிகள் சிறுத்தையைக் காண விரும்பிச் செல்லும் யால வனத்தின் முதற் காவலதிகாரி அவரே. ஆண்டவராய் வந்தோரன்றி, அகப்பட்டு வந்தோரும் இந்நாட்டுக்கு ஒன்றைத் தந்தே சென்றனர்.

இறுதியாகக் காலிமுகத்திடல். கோட்டையை நோக்கி வரும் பகைவனைப் பீரங்கியாற் சுடுவதற்கு வசதியாக வெட்டையாக விடப்பட்ட நிலம் அது. பிரித்தானியர் காலத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. தேசாதிபதி ஹென்றி வோர்ட் கடலோரமாக உலாவும் பாதை அமைத்து, 1859 ஆம் ஆண்டிலே நகரத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக அதனைப் பேணுமாறு பின்வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்துவைத்தார். அக்காலத்தில் அவர் மனத்திலிருந்த பெண்களும் பிள்ளைகளும் யாவர் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. இன்றோ மாலைவேளையில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கொலன்னாவையிலிருந்தும் வரும் குடும்பங்கள் அங்கே பட்டம் விடுகின்றன. இறால் வடை உண்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து பணி செய்த யோசேப் வாஸ் அடிகளாருக்கு 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கியது அத்திடலிலேயே. 2022 ஆம் ஆண்டில் நாடு பொருட்பஞ்சத்தில் வாடியபோது, 1930 இற் கட்டப்பட்ட பழைய பாராளுமன்றத்தின் முன்னே, மாதக்கணக்காக மக்கள் திரண்டு ஆட்சி மாற்றம் கோரியதும் அத்திடலிலேயே. மக்களைச் சுடுவதற்கென வெட்டையாக்கிய நிலம் மக்கள் பேசும் மன்றம் ஆயிற்று.

அந்நியர் கட்டியவை என்பதற்காக இச்சின்னங்களை வெறுப்பதும், அழகியவை என்பதற்காக வியந்து நிற்பதும் போதா. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706 இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் அழிந்தது, போனது போனதே. எஞ்சியவற்றைக் காத்தல் அரசின் கடமை. அவற்றின் முழுக் கதையையும் சொல்லுதல் கற்றோரின் கடமை. கல்லைச் சுமந்தவனும் பட்டை உரித்தவனும் மூலிகையின் பெயர் சொன்னவனும் இரவில் வாவி நடுவே அடைபட்டவனும் அக்கதையில் இடம்பெறல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. கொலன்னாவையிலிருந்து தெமட்டகொடை, மருதானை, புறக்கோட்டை வழியாகக் கோட்டைக்குச் சில மைல் தூரமே. ஓர் ஆசிரியர் ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாட்காலையில் அவ்வழியே அழைத்துச் செல்லலாம். கால்வாயின் பாலத்தில் முதலில் நிற்கட்டும்; நூதனசாலையின் முற்றத்தில் அடுத்து நிற்கட்டும்; கொம்பனித்தெருவின் வாவிக்கரையில் இறுதியாக நிற்கட்டும். ஒவ்வோர் இடத்திலும், "இதனைக் கட்டச் சொன்னவர் யார்?" என்பதோடு, "கட்டியவர் யார்?" என்றும் பிள்ளைகள் கேட்கப் பழகுவராயின், தூர தேசத்துப் பயணி வந்து கேட்கும்போது அவர்களே நல்ல வழிகாட்டிகள் ஆவர்.